80 கோடிப் புள்ளியும் 14 புள்ளியும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன், காரணம் பின்னால் வரும். அங்கே ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீடு ஒன்றை முழுக்க அளந்து கணினியில் ஏற்றித் தரச் சொல்லி வேலை வந்தது. நான் மதுரையில் கட்டட வரைபடத் தொழிலில் இருப்பவன். கோயில் மண்டபம், பழைய பள்ளிக்கூடம், ஜமீன் பங்களா என்று அளந்து பழகிய கை. வீடுதானே, மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். முடித்தும் விட்டேன். அதற்கப்புறம் அதே வீட்டுக்கு இரண்டு வருஷத்தில் 11 தடவை போக வேண்டிவந்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

கூப்பிட்டவர் சென்னையில் இருக்கும் ஓர் அண்ணன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பங்காளிகள் பலர். விற்றுவிடலாம் என்று சிலர், கூடாது என்று சிலர். நடுவில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. "இடிஞ்சு போறதுக்குள்ள ஒரு பதிவாவது இருக்கட்டும் தம்பி" என்றார்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவிக் கிடக்கும் இவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிப் போய் வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) பணம், பர்மா தேக்கு, ஐரோப்பாவிலிருந்து வந்த ஓடும் கண்ணாடியும், ஆத்தங்குடிக் கல், நம்மூர்க் கொத்தனார் கை, எல்லாம் கலந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததோடு பணம் வந்த வழி அடைபட்டது, வீடுகள் நின்றுவிட்டன. செட்டிநாட்டு ஊர்க் கூட்டங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் எந்தக் கூரையும் ஒழுகுவதை நிறுத்தவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். வாடகை லேசர் ஸ்கேனர் ஒன்று, கேமரா இரண்டு, நானும் ஓர் உதவியாளரும். மே மாத வெயில். முகப்பில் தொடங்கி வளவு (திறந்த நடுமுற்றம்), பட்டாலை (கூடம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று 62 இடங்களில் ஸ்கேனரை நிறுத்திச் சுழலவிட்டோம். வந்தது மொத்தம் 80 கோடிப் புள்ளி. ஸ்கேனர் எடுப்பது படம் இல்லை. லேசர் பட்டுத் திரும்பிய ஒவ்வோர் இடத்தையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். புள்ளிகள் சேர்ந்து சுவராகவும் தூணாகவும் தெரியும். அங்கே வந்திருந்த பெரியவர் ஒருவர், "எத்தனை புள்ளி எடுத்திருக்கீங்க?" என்றார். சொன்னேன். "எங்களுக்கு இருக்கிறது 14தான். அதையே ஒண்ணா உக்கார வைக்க முடியலை" என்றார்.

அவர் சொன்ன புள்ளி வேறு. நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஓர் ஆணின் குடும்பம் ஒரு புள்ளி. கோயில் வரியிலிருந்து எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். இந்த வீட்டுக்கு 14 புள்ளி. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், கோலாலம்பூர், அமெரிக்கா. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு உரியது, பூட்டும் சாவியும் அவரவரிடம். அண்ணன் கையில் ஆறு சாவிதான் இருந்தது. என் 80 கோடிப் புள்ளிக்கு நடுவே திறக்காத அறைகள் எல்லாம் கறுப்பு ஓட்டைகளாக நின்றன.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். அனுமதிக் கடிதம் ஒருவரிடம் வாங்கினால் போதாது. வீட்டுக்கு எத்தனை பங்கு, யார் யார் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் போடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர், "என்னைக் கேக்காம எங்க ஐயா அறைக் கதவைப் படம் எடுத்தது யாரு?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதன்பின் மூன்று மாதம் வேலை நின்றது.

கருவிகள் படுத்திய பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி இரண்டு. லேசருக்குக் கண்ணாடி என்று தெரியாது. கண்ணாடிக்கு உள்ளே இன்னொரு கூடம் இருப்பதாகவே எண்ணி அதையும் அளந்து வைத்திருந்தது. தரைப்படத்தில் பார்த்தால் வீட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு கூடம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை வேட்டியால் மூடிவிட்டு இரண்டு இடங்களில் திரும்ப ஸ்கேன் செய்தோம்.

அடுத்தது சுவர். செட்டிநாட்டுப் பூச்சு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தது. நூறு வருஷம் கழித்தும் கை வைத்தால் வழுக்கும். பார்க்க அழகு, படங்களிலிருந்து வடிவம் எடுக்கும் போட்டோகிராமெட்ரிக்கு எமன். நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் அந்த மென்பொருள் வடிவத்தைக் கண்டுபிடிக்கும். ஒப்பிட அதற்குக் கறையோ கீறலோ ஏதாவது அடையாளம் வேண்டும். பால் மாதிரி வெள்ளையாகப் பளபளக்கும் சுவரில் என்ன அடையாளம் கிடைக்கும்? படத்துக்குப் படம் முக்கால் பங்கு மேற்படிய எடுத்தும் சுவர் அலை அலையாக நெளிந்து வந்தது. வழக்கமாக நாங்கள் குறித்தாள்களை டேப் வைத்து ஒட்டுவோம். இந்தப் பூச்சில் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது ஒரு சில்லு கூடவே வரும். ஓரிடத்தில் வந்தும்விட்டது, நகக்கண் அளவு. வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அடுப்படிப் பரணிலிருந்து பனையோலைக் கொட்டான் கூடைகளை எடுத்துவந்து சுவரோரம் இரண்டடிக்கு ஒன்றாக வைத்துப் படம் எடுத்தோம். கொட்டானின் பின்னல் மென்பொருளுக்குப் பிடித்துப்போனது, சுவர் நேரானது. பூச்சில் எதையும் ஒட்டாதீர்கள், பக்கத்தில் வையுங்கள்.

அளவுகளிலும் ஓர் இடறல். தூணுக்குத் தூண் 251 சென்டிமீட்டர், வளவின் அகலம் 587. ஒரு கணக்கிலும் அடங்காத எண்களாக இருந்தன. அடியாக மாற்றியும் பார்த்தேன், உதவவில்லை. கதவு சரிபார்க்க வந்த ஆசாரி என் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு, "தச்சு முழத்துல போட்டுப் பாருங்க" என்றார். அவர் வைத்திருந்த கோல் 33 அங்குலம். தூண் இடைவெளி சரியாக மூன்று முழம், வளவு ஏழு முழம். அதற்கப்புறம் எல்லா வரைபடத்திலும் மீட்டரோடு முழத்தையும் எழுதுகிறேன். கட்டியவர் எந்தக் கோலைப் பிடித்தாரோ அந்தக் கோலில் எழுதாவிட்டால் அவர் என்ன நினைத்தார் என்பது வரைபடத்தில் வராது.

ஓட்டுக்கூரையை ட்ரோனில் எடுத்தோம். 250 கிராமுக்கு உட்பட்ட சின்னது. 2021 விதிகளின்படி அதை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பறக்கத் தடையுள்ள இடமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சத்தத்துக்கு மிரண்ட மயில் ஒன்று கூரையில் ஓடி இரண்டு ஓடுகளை உடைத்தது. செலவுக் கணக்கில் 'மயில்' என்று ஒரு வரி எழுதினேன்.

இவ்வளவும் முடிந்து வீட்டின் கணினி மாதிரி தயாரானது. ஆடி மாதம் அதை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் குடியிருக்கும் ஒரே ஆளான ஆச்சிக்கு டிவியில் போட்டுக் காட்டினேன். அவருக்கு அப்போது 81 வயது. பெருமையாகத்தான் காட்டினேன், ஒளிக்க என்ன இருக்கிறது. முகப்பிலிருந்து பறந்து போய் வளவுக்குள் இறங்குவது போல் செய்திருந்தோம். ஆச்சி காப்பி ஆற்றிக்கொண்டே பார்த்தார். சாமி வீட்டுக்கு, அதாவது பூஜை அறைக்கு, முன்னால் உள்ள தாழ்வாரப் பத்தி வந்ததும், "அந்தப் பீரோவை ஏன்ப்பா அங்கே வச்சிருக்கே?" என்றார்.

நான் வைக்கவில்லை ஆச்சி, அது அங்கேதான் இருக்கிறது என்றேன்.

"இருக்கு. வெள்ளையடிக்கிறப்ப நகத்தினாங்க, அப்படியே நின்னுபோச்சு. அதுக்காக நீயும் அங்கேயே வச்சுட்டியா? நோம்புக்கு எங்கே உக்காருவாங்க?"

அந்தப் பீரோவை நாங்கள் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்திருந்தோம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்கு வரச் சொன்னார்கள். திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து 21 நாள் கணக்கு. நாளுக்கு ஒரு நூலாகப் புது வேட்டியிலிருந்து பிரித்து எடுத்துச் சேர்ப்பார்கள். 21ஆம் நாள் அந்த நூல்களைத் திரித்து இழையாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து, ஏற்றி, எரிகிற இழையோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். கடலில் புயலில் சிக்கிய முன்னோர்கள் நாளைக் கணக்கு வைக்க வேட்டி நூலைப் பிரித்தெடுத்ததன் நினைவு என்று சொல்வார்கள்.

மத்தியானம் போனேன். முகப்பில் கார்கள். 23 பேர் வந்திருந்தார்கள். முதல் வேலையாக நாலு பேர் சேர்ந்து பீரோவைத் தூக்கினார்கள். பின்னால் சுவரில், தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், அடித்துப் பழுத்த இரும்பு ஆணி இரண்டு. கீழே தரைக்கல்லில் ஒரு தட்டு அகலத்துக்குக் கருத்த வட்டம். நெய்க் கறை, எத்தனை வருஷத்துக் கறையோ. ஆச்சியின் பேத்தி பச்சரிசி மாவில் நடுவீட்டுக் கோலம் போட உட்கார்ந்தாள். கோலத்தின் நடு எங்கே வர வேண்டும் என்று அவள் அளக்கவில்லை, அந்தக் கறையைப் பார்த்து ஆரம்பித்தாள். ஆணிகளில் ஆவாரம்பூக் கொத்தைக் கட்டினார்கள். பொரித்தட்டுகள் வந்தன. டியூப்லைட்டை அணைத்தார்கள். வீட்டில் மூத்தவர் மணையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இழை கொடுத்தார். சின்னப் பையன் ஒருவன் நெருப்பைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டான். அவன் அம்மா தன் பங்கை விழுங்கிக் காட்டினாள். அப்புறம் அவனும் வாயைத் திறந்தான்.

மாடத்து விளக்கு வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஒரே பக்கம் மட்டும் தெரிந்தது. மாடத்துக்கு மேலே சுவரில் கரி, நாக்கு மாதிரி மேலேறிப் போயிருந்தது. அந்தக் கரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கணினி மாதிரியில் அந்த மாடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. என் உதவியாளர் 'அழுக்கு' என்று நினைத்துத் துடைத்திருந்தார். நானும் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தேன். எந்த மாடத்தில் இன்னமும் விளக்கு ஏற்றுகிறார்கள், எதில் நிறுத்திவிட்டார்கள் என்பதற்கு அந்த வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கரிதான். நல்ல வேளை, கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களை அழிக்கவில்லை. எல்லா மாடத்தையும் திரும்பப் போட்டோம். ஒன்பது மாடத்தில் மூன்றில் மட்டும் புதுக் கரி.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து வேலையின் வரிசையையே மாற்றி எழுதினேன். முன்பெல்லாம் முதலில் ஸ்கேன், பிறகு வரைபடம், நேரமிருந்தால் வீட்டாரிடம் இரண்டு கேள்வி. இப்போது முதலில் பஞ்சாங்கம். அந்த வீட்டில் வருஷத்தில் எப்போதெல்லாம் ஆள் கூடுவார்கள் என்று கேட்டுக்கொள்வது. நோன்பா, படைப்பா, கல்யாணமா, செவ்வாய்ப் பொங்கலா? முதலில் வெறுங்கையோடு போய் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்ப்பது. யார் எந்த வாசலில் நுழைகிறார்கள், செருப்பு எங்கே கழற்றுகிறார்கள், எந்தப் பொருளை நகர்த்துகிறார்கள், எந்தக் கதவைத் திறந்து வைக்கிறார்கள். ஸ்கேனர் அதற்கப்புறம்தான் காரிலிருந்து இறங்கும். அளக்க வேண்டியது எது என்று அந்தக் கூட்டம்தான் சொல்லித்தரும்.

முடிந்தால் இரண்டு நிலையையும் பதிவு செய்யுங்கள். எங்கள் மாதிரியில் இப்போது பீரோ இருக்கும் வீடு ஒன்று, இல்லாத வீடு ஒன்று. பீரோ இருப்பது பொய்யில்லை, வருஷத்தில் 364 நாள் அது அங்கேதான் நிற்கிறது.

ஆச்சியிடம் பேட்டி எடுத்த விதத்திலும் முதல் தடவை சொதப்பினேன். ஊஞ்சலில் உட்கார வைத்து, சட்டையில் மாட்டும் மைக்கைச் சேலையில் மாட்டி, "இந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் ஆச்சி" என்றேன். வானொலிப் பேச்சு மாதிரி வந்தது. "எங்க அப்பச்சி காலத்துல..." என்று ஆரம்பித்து நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அடுத்த முறை வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துப் பேத்தி கையில் கொடுத்தேன். கேள்வி கேட்பது அவள். நான் ரெக்கார்டரோடு பின்னால் நடந்தேன். அறை அறையாகப் போனார்கள். "இது யாரு வீடு அப்பத்தா?" (அங்கே அறையையும் 'வீடு' என்பார்கள். சாமி வீடு, படைப்பு வீடு.) ஒவ்வொரு கதவிலும் ஆச்சி நின்றார், நின்ற இடத்தில் ஒரு கதை வந்தது. இந்த அறையில் பிரசவம், அந்தப் படியில் கொண்டுவிற்கச் (கடல் தாண்டித் தொழிலுக்குச்) சென்றவரை வழியனுப்பியது, இந்தத் தூணில் மாப்பிள்ளை சாய்ந்து நின்றதால் மாமியார் கோபித்தது. பேத்தி தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். 80 கோடிப் புள்ளியை விட அந்த ஒரு தாளைத்தான் பங்காளிகள் இன்றைக்கும் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒலிப்பதிவில் ஒரு தொழில் விஷயம். வளவு திறந்த இடம், புறாச் சத்தம் ஓயாது. மின்விசிறியை அணைத்து, ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் தனியாகப் பதிந்து வையுங்கள். எந்த அறையில் நின்று பேசினார்கள் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். "பதிவு நாலு, இரண்டாங்கட்டு, வடக்குப் பத்தி" என்று. கோப்புப் பெயர் மாறிப்போகலாம், குரல் மாறாது. ஆச்சி சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். பட்டாலை என்றால் பட்டாலை. அதை 'வரவேற்பறை' ஆக்கிவிட்டால் நாளைக்குப் படிக்கிறவருக்கு அங்கே சோபா போட்டிருந்தது போல் தோன்றும்.

படைப்பு வேறு மாதிரி. இறந்துபோன முன்னோர்களுக்குச் சேலை, வேட்டி வைத்துச் சமைத்துப் படைக்கும் சடங்கு, பங்காளிகள் கூடிச் செய்வது. அதற்கும் வரலாம் என்றார்கள், கேமரா வேண்டாம் என்றார்கள். கொஞ்சம் கெஞ்சிப் பார்த்தேன், பொய் சொல்வானேன். அண்ணன் தோளில் கைபோட்டு, "தம்பி, எங்களுக்கே ஒரு வருஷம் விட்டாத்தான் அந்தப் படைப்புப் பெட்டி திறக்கும்" என்றார். திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம், பெண்கள் குரல், பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் வரைபடத்தில் படைப்பு வீடு நாலு சுவரும் ஒரு கதவுமாக மட்டும் இருக்கிறது. உள்ளே 'குடும்பத்தார் விருப்பப்படி பதியவில்லை' என்று எழுதியிருக்கிறோம். பதியாமல் விட்டதையும் விட்ட காரணத்தையும் எழுதி வைப்பதும் பதிவில் சேர்த்திதான். பூட்டிய அறைகளுக்கும் அப்படியே. கணினியில் சும்மா நிரப்பிவிடலாம், எதிர் அறையைத் திருப்பிப் போட்டால் யாருக்கும் தெரியாது. செய்யாதீர்கள்.

சுவர்ப் பூச்சைப் பதிய ஒரு கொத்தனாரைப் பிடித்தோம். எழுபதைத் தாண்டியவர், இந்தப் பூச்சு தெரிந்த மிச்சம் மீதி ஆட்களில் ஒருவர். முதல் நாள் எதிரில் கேமராவை வைத்து, "செய்து காட்டுங்கள்" என்றேன். இரண்டு மணி நேரத்தில் ஓர் அடிச் சதுரம் செய்து காட்டினார். பார்த்தால் அவர் முகம் நன்றாகத் தெரிகிறது, கை என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. மறுநாள் கேமராவை அவர் தோளுக்குப் பின்னால் வைத்தேன். கரண்டி எந்தச் சாய்வில் போகிறது, எவ்வளவு அழுத்தம், புறங்கையைச் சுவரில் வைத்து ஈரம் பார்ப்பது எல்லாம் அப்போதுதான் பிடிபட்டது. "சத்தம் மாறும் பாருங்க" என்றார். ஈரமாக இருக்கும்போது கரண்டி குழைந்து போகும். பதம் வந்ததும் சுவர் மெல்லக் கீச்சிட ஆரம்பிக்கும். நான் பின்னணி இசை சேர்க்கலாம் என்று வைத்திருந்த படம் அது. இசையைத் தூக்கிப் போட்டேன்.

இன்னொன்று. சுண்ணாம்பு ஊறும் நாளையும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் தயாராகும் நாளையும் சேர்த்துப் பதிய வேண்டும். பெரும்பாலான வீடியோக்கள் பளபளப்பு வரும் கடைசிப் பத்து நிமிஷத்தைத்தான் காட்டும். அதைப் பார்த்து ஒருவரும் பூச முடியாது. கொத்தனாருக்கு அந்த நாலு நாளும் நாள்கூலி கொடுத்தோம். சால்வை போர்த்திவிட்டு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர் அன்றைக்கு வேறு வேலைக்குப் போயிருந்தால் சம்பாதித்திருப்பார் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இப்போது ஊர்ப் பெயரை மறைத்த காரணம். முதல் வருஷம், ஆர்வக்கோளாறில், மாதிரியிலிருந்து 40 விநாடி வீடியோவை இணையத்தில் போட்டேன். ஊர்ப் பெயரும் போட்டேன். நல்ல வரவேற்பு. ஆறு வாரம் கழித்து வாட்ச்மேன் போன் செய்தார். வாசலில் ஒரு தரகர் வந்து நிற்கிறார், கையில் போன், போனில் என் வீடியோவிலிருந்து பிடித்த படம். "இந்தத் தூண் ரெண்டும், மேலே இருக்கிற சூரியப் பலகையும் என்ன விலைக்குக் கொடுப்பாங்க?" என்று கேட்டாராம். (சூரியப் பலகை என்பது வாசல் நிலைக்கு மேலே வரும் செதுக்குப் பலகை.) காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவும் தூணும் சட்டமாகப் பிரித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. விற்றவர்கள் எல்லாம் மனசோடு விற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன், தவறு என்றும் சொல்ல மாட்டேன். கூரை போட யார் பணம் தருவார்? ஆனால் வாசல் தேடி ஆள் வரும்படி கடைவிரித்து வைத்தது நான். அன்றே வீடியோவை எடுத்தேன்.

அதிலிருந்து எல்லாமே இரண்டு பிரதி. குடும்பத்துக்கு முழுப் பிரதி. வெளியே போவதில் ஊர்ப் பெயர் இல்லை, தெரு இல்லை, கொல்லை வாசல் எங்கே, எந்த அறை பூட்டியே கிடக்கிறது என்று காட்டும் தரைப்படம் இல்லை. போனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக் குறிப்பு ஒளிந்திருக்கும், அதை அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறோம்.

அதற்காகப் பதிவே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் ஸ்ரீபுரந்தான் நடராசரும் கடத்தப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்கள் வரை போய், 2014இல் திரும்பி வந்தன அல்லவா? அவை எந்தக் கோயிலில் இருந்தவை என்று நிரூபிக்கப் பெரிதும் உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். விருத்தாசலத்துப் படம் 1974இல் எடுத்தது. எடுத்தவர் திருட்டை நினைத்து எடுத்திருக்க மாட்டார். தேதியும் இடமும் எழுதி, படத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு தூணையும் கதவையும் தனித்தனியாக எடுத்து, அளவும் கீறலும் வெடிப்பும் குறித்து, எண் போட்டுக் குடும்பத்திடம் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு ஒன்று காணாமல் போனால் அது இந்த வீட்டுத் தூண்தான் என்று சொல்ல அந்தக் கீறல் போதும்.

வைப்பு முறையை நான் கற்றது ஒரு ஹார்ட் டிஸ்க் செத்த பிறகு. இப்போது மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். ஸ்கேனர் நிறுவனத்தின் சொந்தக் கோப்பு வடிவத்தை மட்டும் நம்பாமல் இ57 என்ற பொது வடிவத்திலும் மாற்றி வைக்கிறோம். படம் டிஃப் வடிவில், ஒலி வேவ் வடிவில். வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது, அதையும் நோன்பு நாளில் செய்வது என்று வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

காகிதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரணில் ஒரு பெட்டி நிறைய ரங்கூன் காலத்துப் பேரேடும் ஐந்தொகையும் கிடந்தன, கரையான் பாதி முடித்திருந்தது. எடைக்குப் போடுவதாக இருந்தார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும்தான் இன்றைக்குச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன என்று சொன்னேன். அது பலித்தது. பெட்டி இப்போது அண்ணன் வீட்டில். அதில் ஒரு தாளில் இந்த வீட்டு மரக்கணக்கு இருக்கிறது, தமிழ் எண்களில். படிக்கத் தெரிந்தவரைப் பிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

போன நோன்புக்கு 31 பேர் வந்தார்கள். சிங்கப்பூர்க்காரரும் வந்தார். மாதிரியைத் தன் போனில் திறந்து வைத்துக்கொண்டு, அவருடைய ஐயா அறைக் கதவை அதிலும் நேரிலும் மாறி மாறிப் பார்த்தார். "சாவி எங்கிட்டதான் இருக்கு, கொண்டுவர மறந்துட்டேன்" என்றார். மறந்தாரா என்று தெரியாது, நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் நாலு பேர் சேர்ந்து பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தார்கள்.

போன வாரம் மதுரை முகவரிக்கு ஒரு கூரியர் வந்தது. உள்ளே சாவி மட்டும், ஒரு சாண் நீளம், பித்தளை. கடிதம் ஏதும் இல்லை. தை பிறந்ததும் போகலாம் என்று உதவியாளரிடம் சொல்லியிருக்கிறேன், ஸ்கேனர் இல்லாமல்.